கார்புரேட்டர் ஜிப்சியும் நிலைக்காத ஐடிலிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் 1991-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி ஒன்று இருக்கிறது. முன்னால் இரண்டு பேர், பின்னால் உர மூட்டை, கேரட் மூட்டை, விறகு என்று பிக்கப் வண்டியாகவே அதன் காலம் போயிருக்கிறது. அதன் வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து பழைய ஜிப்சி வைத்திருப்பவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒன்றையே: வண்டி ஓடுகிறது, நின்றால் அணைந்துவிடுகிறது. வண்டி நிற்கும்போது மிதிக்காமலே எஞ்சின் சுற்றிக்கொண்டிருப்பதுதான் ஐடிலிங்; அதுதான் நிலைப்பதில்லை. அதனால்தான் கேள்விகளை ஓரிடத்தில் தொகுத்துவிட்டேன்.

1985 இறுதியில் வந்த 970 சிசி ஜிப்சிக்கும், 1996-இல் வந்த 1298 சிசி ஜிப்சி கிங்கின் கார்புரேட்டர் வண்டிகளுக்கும் இது பொருந்தும். 2000-க்குப் பிறகு எம்.பி.எஃப்.ஐ. (மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்துவிட்டதால் அவற்றின் கதை வேறு. கார்புரேட்டர் ஆம்னி, பழைய 800 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி உதவும். பெட்ரோலோடு செய்கிற வேலை என்பதால் திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கார்புரேட்டர் என்னதான் செய்கிறது? மெக்கானிக் சொல்வது எதுவும் புரிவதில்லை.

காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை என்று நினைத்துப் பாருங்கள். கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பது தெரியும். பம்பு அனுப்பும் பெட்ரோல் முதலில் ஒரு சிறு தொட்டியில் நிற்கிறது. அதில் மிதக்கும் ஃப்ளோட் உயர்ந்ததும் நீடில் வால்வு மூடிக்கொள்கிறது. கழிப்பறைத் தொட்டியின் மிதவை செய்வதும் இதே வேலைதான்.

இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்து ஓட்டும்போது பெட்ரோல் மெயின் ஜெட் (ஜெட் என்பது அளவான துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு) வழியாக வருகிறது. காலை எடுத்துவிட்டால், காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அப்போது மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. ஸ்லோ ஜெட் என்ற தனி வழியில், பட்டர்ஃபிளைக்குக் கீழே உள்ள ஊசித் துளை வழியாகத்தான் பெட்ரோல் கசிந்து இறங்குகிறது. ‘அறுபதில் போனால் அருமையாகப் போகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது’ என்பவர்களின் வண்டியில் இந்தச் சிறு வழியில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

ஐடிலிங் எவ்வளவு இருக்க வேண்டும்? என் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லை.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு நிமிடத்துக்கு 800 முதல் 900 சுற்று. ட்யூனிங் செய்யும் நாளுக்கு மட்டும் ஒரு டேக்கோமீட்டர் இரவல் கிடைத்தாலும் போதும். காதை மட்டும் நம்பினால் பெரும்பாலும் கூட்டித்தான் வைப்போம், ஏனென்றால் வேகமாகச் சுற்றும் எஞ்சின் நடுங்காமல் இருப்பதுபோல் தோன்றும். ஐடிலிங்கைக் கூட்டி வைத்து நோயை மறைப்பது மிகப் பரவலான தவறு. பெட்ரோல் வீணாகும், கியர் விழும்போது சத்தம் வரும், மலை இறக்கத்தில் எஞ்சின் பிரேக் பிடிக்காது. எங்களைப் போன்ற ஊர்களில் அந்தக் கடைசிக் குறை உயிர்ப் பிரச்சினை.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. சோக் இழுத்துத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் டாஷ்போர்டில் குமிழை இழுக்கிறீர்கள். உள்ளே தகடு மூடுகிறதா? ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, வேறொருவரைச் சோக் இழுக்கச் சொல்லி நேரில் பாருங்கள். கேபிள் துருப்பிடித்தோ, பிடிமான ஸ்க்ரூ நழுவியோ தகடு பாதி வழியில் நிற்பது மிகச் சாதாரணம். முழுதாக மூட வேண்டும். குமிழைத் தள்ளியதும் முழுதாகத் திறக்கவும் வேண்டும். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கரும்புகைக் கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு வாரம் நிறுத்தி வைத்த வண்டி என்றால், சிறு தொட்டியில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். ஜிப்சியில் இருப்பது கேம்ஷாஃப்ட் தள்ளி இயங்கும் மெக்கானிக்கல் பம்பு. எஞ்சின் சுற்றினால்தான் அது பெட்ரோலை இழுக்கும். பத்து விநாடி செல்ஃப் அடித்து, அரை நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி அடியுங்கள். இரண்டு மூன்று முறையில் பிடித்துக்கொண்டால் அது நோயே இல்லை. ஓர் இரவு மட்டும் நின்ற வண்டிக்கும் தினமும் இப்படி ஆனால், பம்பின் வால்வு பிடிக்காமல் பெட்ரோல் பின்னோக்கி இறங்குகிறதா, குழாயில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று பாருங்கள்.

சோக் போட்டிருக்கும்வரை ஓடுகிறது. உள்ளே தள்ளிய மறுநொடி அணைந்துவிடுகிறது. எஞ்சின் சூடான பிறகும் இப்படித்தான்.

இது நல்ல தடயம். சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் ஏற்பாடு. அது இருந்தால்தான் ஓடுகிறது என்றால் ஐடிலிங் நேரத்தில் பெட்ரோல் போதவில்லை, அல்லது தேவையற்ற காற்று எங்கிருந்தோ நுழைகிறது. வாய்ப்புகள் மூன்று: கட்-ஆஃப் சோலனாய்டு (சாவியை எடுத்ததும் ஸ்லோ ஜெட் வழியை அடைக்கும் மின் வால்வு) வேலை செய்யவில்லை, ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, ஏர் லீக்.

சோலனாய்டைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒயர் போகும் பித்தளை உருளை அது. சாவியைத் திருப்பி வையுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அதன் ஒயரை இணைப்பில் பிரித்து மறுபடி செருகினால் ‘டக்’ என்று ஒரு சிறு சத்தம் வர வேண்டும். உருளையில் விரல் வைத்தால் அதிர்வாகவே தெரியும். இணைப்பில் தீப்பொறி வரலாம் என்பதால் பெட்ரோல் கசிவு இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். சத்தம் இல்லையா? டெஸ்ட் லேம்ப் வைத்து ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் சோலனாய்டு நன்றாக இருக்கும், ஒயர்தான் உறைக்குள் அறுந்திருக்கும். மின்சாரம் வந்தும் சத்தம் இல்லையென்றால் சோலனாய்டை மாற்றுங்கள். முனை ஊசியை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் உண்டு. ஆபத்துக்கு அது உதவும், ஆனால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டே ஓடுவது அதன் விலை.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். கழற்றிவிடலாமா?

வேண்டாம், இன்னும் வேண்டாம். என்னிடம் வரும் ‘கார்புரேட்டர் பழுது’களில் பாதிக்குமேல் கார்புரேட்டரில் இல்லை. எங்கள் ஜிப்சியையே சமவெளியில் ஒரு பட்டறையில் இரண்டு முறை கழற்றிக் கழுவி, கிட் (பேக்கிங், ரப்பர் அடங்கிய பழுதுத் தொகுப்பு) மாற்றி, காசும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சிக்னலில் அணைவது மட்டும் நிற்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே குனிந்து தேடினேன். கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் பயன்படாத ஒரு முனையை மூடியிருந்த ரப்பர் தொப்பி, சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், வெயிலில் காய்ந்து அடிப்பக்கம் பிறை வடிவில் விரிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியும். விரலால் அழுத்தினால் மட்டும் வாய் திறக்கும். அதை மாற்றியதும் எஞ்சின் அமைதியானது. அன்றிலிருந்து கார்புரேட்டரை நான் கடைசியில்தான் தொடுகிறேன்.

வரிசை இதுதான். முதலில் ஸ்பார்க் பிளக்: இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. அடுத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது பாயிண்ட் (மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை) உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ.; அதை மாற்றினால் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) மாறும், ஆகவே டைமிங்கை அதற்குப் பிறகே பாருங்கள். பிறகு டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் இடையே உள்ளது. அது மிகக் குறைந்து வால்வு முழுதாக மூடாத சிலிண்டர் ஐடிலிங்கில் செத்துக் கிடக்கும். வேகத்தில் தெரியவே தெரியாது. அதன் பிறகு ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர். அதன் பிறகு ஏர் லீக். இவை அனைத்தும் சரி என்று தெரிந்தால் மட்டும் கார்புரேட்டர்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், பாயிண்ட், ஜெட், ஸ்க்ரூ என்று ஒரே மதியத்தில் எல்லாவற்றிலும் கை வைத்தவருக்கு, வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலோ திரும்பிப் போக வழியே இருக்காது.

நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐடிலிங்கில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் பழைய வழி. வேலை செய்யும் சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் சுற்று சட்டென்று குறையும். எந்த ஒயரைக் கழற்றினால் மாற்றமில்லையோ அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. ரப்பர் கையுறையும் காப்பிட்ட இடுக்கியும் அவசியம். கழற்றிய ஒயரின் முனை எஞ்சின் உலோகத்தைத் தொட்டபடி இருக்க வேண்டும். அந்தரத்தில் விட்டால் காயில் பழுதாகலாம், உங்களுக்கும் ஷாக் அடிக்கும். பெட்ரோல் வாடை வரும் வண்டியில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

ஏர் லீக், ஏர் லீக் என்கிறீர்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் பலமான உறிஞ்சல் இருக்கிறது. ஒரு சிறு விரிசல் கிடைத்தாலும் கணக்கில் இல்லாத காற்று நுழைந்து கலவையை வெளிறச் செய்துவிடும், அதாவது பெட்ரோலின் பங்கு குறைந்துவிடும். ஓட்டத்தில் மொத்தக் காற்றின் அளவு அதிகம் என்பதால் அதே விரிசல் பொருட்டாகத் தெரியாது. முதல் கேள்வியில் சொன்ன ‘அறுபதில் அருமை’க்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சினை ஓடவிட்டு, வேக்குவம் ஹோஸ்களை (மேனிஃபோல்டின் உறிஞ்சலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள்) ஒவ்வொன்றாக நோஸ் பிளையரால் மெதுவாக நெரியுங்கள், நுனியில் துணி சுற்றிக்கொண்டு. எதை நெரித்தால் எஞ்சின் திருந்துகிறதோ அந்த ஹோஸோ அது போய்ச் சேரும் பாகமோதான் குற்றவாளி. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு), எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடும் பி.சி.வி. வால்வு, பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் தடித்த ஹோஸ், பயன்படாத முனைகளின் ரப்பர் தொப்பிகள் ஆகிய நான்கையும் விட்டுவிடாதீர்கள். கார்புரேட்டர் அடிப் பேக்கிங், மேனிஃபோல்டு பேக்கிங் ஓரங்களைச் சோதிக்கப் பல பேர் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான எஞ்சின் மேல் அது தீப்பிடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அருகிலேயே இருக்கிறது. நான் பூவாளி ஸ்ப்ரேயில் சோப்புத் தண்ணீர்தான் அடிக்கிறேன், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு, ஒரு கணம் எஞ்சின் சத்தம் மாறும்.

ஹோஸில் எதுவும் இல்லையென்றால் பட்டர்ஃபிளையின் தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். முப்பது வருடம் ஆடிய தண்டு தன் துளையைத் தேய்த்திருக்கும். ஆட்டும்போது ஐடிலிங்கும் கூடவே ஆடினால் காற்று அங்கேதான் போகிறது. அதற்கு லேத்தில் புதிய புஷ் (தண்டு உட்காரும் வளையம்) அடிப்பதுதான் வைத்தியம்.

ஜெட் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தினால் போதாதா?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஜெட் மென்மையான பித்தளை. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: நல்ல ஜெட்டில் விளிம்பு கூர்மையான ஒரு வட்ட ஒளிப்புள்ளி தெரியும், அடைத்ததில் ஒளி இருக்காது, அல்லது ஓரம் பிசிறடித்த நிலாத் துண்டுபோல் இருக்கும். 0.45 மி.மீ. துளையைக் கம்பி 0.50 ஆக்கிவிட்டால் பரப்பு ஏறத்தாழ 23 சதவீதம் கூடிவிடும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. பெட்ரோல் செலவில் தெரியும்.

கார்ப் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பெட்ரோல் போகும் திசைக்கு எதிர்த் திசையில் கம்ப்ரெசர் காற்று அடியுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கார்புரேட்டரின் உடலில் உள்ள துளைகளுக்கும் இதே முறைதான். காற்று அடிக்கும் முன் ரப்பர், டயாஃப்ரம், ஃப்ளோட் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவை கிழிந்துபோகும்.

ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று திறந்திருக்க வேண்டும்?

எல்லோரும் ஓர் எண்ணைக் கேட்கிறார்கள். ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் எண் கிடையாது. முதலில், இப்போது எத்தனை சுற்று இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்: மெதுவாக உள்ளே திருகி, தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசியின் கூம்பு முனையைச் சுற்றி ஒரு மோதிரத் தழும்பு விழும். நகத்தை ஓட்டினால் அந்தப் பள்ளம் தட்டும். அப்படி ஆன ஸ்க்ரூவில் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. மாற்றித்தான் ஆக வேண்டும். எதுவுமே தெரியாத நிலையில் இரண்டு சுற்றிலிருந்து தொடங்குங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஏர் கிளீனர் மாட்டியிருக்க வேண்டும். விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். பட்டர்ஃபிளை எவ்வளவு மூடலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவில் 850 வையுங்கள். பிறகு மிக்சர் ஸ்க்ரூவை (நீங்கள் கேட்ட ஏர் ஸ்க்ரூதான் இது) கால் சுற்றாக வெளியே எடுங்கள், ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பத்து விநாடி பொறுங்கள். சுற்று ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். அதற்குமேல் எடுத்தால் எஞ்சின் கனத்து உதறும். உச்சத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து மிகச் சிறிதளவு உள்ளே விட்டு நிறுத்துங்கள். இப்போது ஐடிலிங் கூடியிருக்கும். ஐடிலிங் ஸ்க்ரூவால் மறுபடி 850-க்கு இறக்கி, முழுவதையும் இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாம் முறைதான் சரியாக உட்காரும்.

பெயரால் வரும் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ஸ்க்ரூ என்று நாம் அழைத்தாலும் இந்த வண்டியில் அது காற்றை அல்ல, பெட்ரோல் கலந்த கலவையைத்தான் அளக்கிறது. வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். உண்மையிலேயே காற்றை அளக்கும் ஸ்க்ரூ உள்ள பைக்குகளில் இது தலைகீழ். பைக் பழகிய கை இங்கே தவறு செய்வது அதனால்தான்.

ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் எஞ்சினில் மாற்றமே இல்லையே?

அப்படியென்றால் அந்த வழியாகப் பெட்ரோல் போகவில்லை, அல்லது எஞ்சின் அதை நம்பி ஓடவில்லை. முதல் வகைக்குச் சோலனாய்டு, ஸ்லோ ஜெட் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள். இரண்டாவது வகைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. அணைந்துவிடுகிறதே என்று ஐடிலிங் ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போனால் பட்டர்ஃபிளை தன் இருப்பிடத்தை விட்டு உயர்ந்துவிடும். அதற்குச் சற்று மேலே உள்ள அடுத்த கட்டத் துளைகள் திறந்து பெட்ரோல் அவை வழியாக வரும். பிறகு மிக்சர் ஸ்க்ரூவுக்கு அதிகாரம் இருக்காது.

ஐடிலிங் ஸ்க்ரூவை முழுதாகப் பின்வாங்கி, நெம்புகோலைத் தொடும் இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று மட்டும் கொடுத்து, அங்கிருந்து ட்யூனிங்கைத் தொடங்குங்கள். அந்த நிலையில் ஓடவே மறுத்தால் அடைப்போ லீக்கோ இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜும் இல்லை. மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றலாமா?

ஜெட் தானாகப் பெரிதாகிவிடாது. யாராவது கம்பியால் குத்தியிருந்தாலொழிய அதைத் தொடாதீர்கள். சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் மண் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

அடுத்து ஃப்ளோட் மட்டம். ஜிப்சி கார்புரேட்டரில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது, ஐந்து பைசா அளவில். மண்ணைத் துடைத்து, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஐடிலிங்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் பெட்ரோலின் கோடு மெல்ல நடுங்குவது தெரியும். நடுவில் உள்ள குறிக்குள் அந்தக் கோடு நிற்க வேண்டும். கண்ணாடி முழுவதும் நிரம்பி, கோடே தெரியாமல் இருந்தால் நீடில் வால்வு பிடிக்கவில்லை. உள்ளே ஒரு தூசி இருக்கலாம். ஊசி முனை தேய்ந்திருக்கலாம். ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து கனத்திருக்கலாம். கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். ஓவர்ஃப்ளோ ஆகும் வண்டியை அந்த நிலையில் ஓட்டாதீர்கள், சூடான எக்ஸாஸ்டுக்கு மேல் பெட்ரோல் சொட்டுகிறது.

புகைச் சான்றிதழும் நினைவிருக்கட்டும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சோதனை நிலையத்தில் கிடைக்கும் அந்த எண் ட்யூனிங்குக்கும் நல்ல அளவுகோல். காகிதத்தை மடித்து வைத்துவிடாமல் அடுத்த முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் மூச்சு நின்று, பிறகுதான் இழுக்கிறது.

காரணம் பம்பிங் டயாஃப்ரம், மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ரப்பர் சவ்வு. எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைத் திறந்து, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி கையால் நெம்புகோலை இழுங்கள். இழுத்த அந்த நொடியே மெல்லிய, உடையாத ஒரு பெட்ரோல் கீற்று பீய்ச்ச வேண்டும். தாமதித்து வந்தாலோ, துளித்துளியாய் விழுந்தாலோ டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது அதன் முனை அடைத்திருக்கும். கீற்று நன்றாக இருந்தும் திணறினால் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். நாக்கை வைத்து அடைத்தால் உறிஞ்சல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த டயாஃப்ரமும் போயிருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து டீ குடிக்க நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

எஞ்சின் நின்றதும் விசிறிக் காற்றும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். சூடு மட்டும் மேலே ஏறும். கார்புரேட்டர் தொட்டியில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடும். அதாவது பெட்ரோல் இல்லாமல் அல்ல, அதிகமாகி மூச்சடைத்து நிற்கிறது. சோக் இழுத்தால் இன்னும் மோசமாகும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்து, பம்ப் செய்யாமல், செல்ஃப் அடியுங்கள். கொஞ்சம் உதறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும்.

ஓடும்போதே ஏற்றத்தில் இழுவை குறைந்து நின்றுவிட்டால் அது வேறு: பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி, பம்பு ஆவியைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதில் கொதிக்கும். பம்பின் மேல் ஈரத் துணி போட்டுக் காத்திருங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பு வெடிக்கும். நிரந்தரத் தீர்வு, பெட்ரோல் ஹோஸ் எக்ஸாஸ்டிலிருந்து விலகிப் போகிறதா, ரிட்டர்ன் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. கார்புரேட்டருக்கு அடியில் சூடு தடுக்கும் தடித்த பேக்கிங் ஒன்று இருக்கும். கழற்றி மாட்டியவர்கள் அதை விட்டுவிட்டு மெல்லிய காகிதப் பேக்கிங் மட்டும் போட்டிருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

நான் ஊட்டியிலேயே இருக்கிறேன். சமவெளியில் செய்த ட்யூனிங் இங்கே சரிவருமா?

சரிவராது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கலவையில் பெட்ரோல் கூடி, பிளக் கரி பிடிக்கும், ஐடிலிங் உருளும். மேலே சொன்ன முறையில் மிக்சர் ஸ்க்ரூவை உங்கள் ஊரிலேயே ட்யூன் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஸ்க்ரூவுக்கு அதிகாரம் ஐடிலிங்கில் மட்டும்தான். வருடம் முழுவதும் மேலேயே ஓடும் வண்டிக்கு ஓர் எண் சிறிய மெயின் ஜெட் போடுவதில் நியாயம் உண்டு. கழற்றிய ஜெட்டைப் பத்திரமாக வையுங்கள்: சிறிய ஜெட்டோடு கோயம்புத்தூர் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் கலவை வெளிறி எஞ்சின் சூடேறும்.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு ஐடிலிங் மோசமாகிவிட்டது. கற்பனையா?

கற்பனை இல்லை. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும், 14.7 என்ற கணக்கு இந்தக் கலவைக்கு 13.5 அளவுக்கு இறங்குகிறது. பழைய ஜெட்டுகள் பழைய அளவையே கொடுப்பதால் கலவை சற்று வெளிறுகிறது. ஏற்கெனவே வெளிறலின் விளிம்பில் ஓடிய வண்டி இப்போது அணைகிறது. மிக்சர் ஸ்க்ரூவை மறுபடி ட்யூன் செய்தால் ஐடிலிங் பெரும்பாலும் திரும்பிவிடும்.

எனக்குக் கவலை ரப்பரைப் பற்றித்தான். பழைய ஹோஸ்களும் டயாஃப்ரம்களும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் உப்பியோ, மடித்தால் வெடிப்புத் தெரிந்தோ இருந்தால் அன்றே எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து கார்புரேட்டர் தொட்டியின் அடியில் தங்கும். நிறுத்தி வைப்பதற்கு முன் பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

பிரேக் மிதித்தால் மட்டும் எஞ்சின் அணைகிறது. இதற்கும் கார்புரேட்டருக்கும் என்ன சம்பந்தம்?

வண்டியை நிறுத்திவைத்து, ஐடிலிங்கில் பிரேக்கை மட்டும் மிதியுங்கள். அப்போதும் அணைந்தால், மேனிஃபோல்டின் உறிஞ்சலால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, மிதிக்கும்போது காற்று மேனிஃபோல்டுக்குள் போகிறது. இது பிரேக் பழுது. சரிசெய்யாமல் சாலைக்குப் போகாதீர்கள். நின்ற வண்டியில் ஒன்றும் ஆகாமல், ஓடி வந்து பிடிக்கும்போது மட்டும் அணைந்தால், கார்புரேட்டர் தொட்டியில் உள்ள பெட்ரோல் முன்னோக்கிச் சாய்ந்து நிலை குலைகிறது. கார்புரேட்டரின் வட்டக் கண்ணாடியில் மட்டத்தைப் பாருங்கள். கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். ஒரு பக்க வளைவில் மட்டும் திணறும் வண்டிக்கும் இதுவே காரணம்.

ஐடிலிங் தானாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. சில நேரம் ஏறினால் இறங்குவதே இல்லை.

ஏறி இறங்குவது பெரும்பாலும் வெளிறிய கலவை. ஏர் லீக் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். இறங்காமல் நிற்பது இயந்திரத் தடை: ஆக்சிலரேட்டர் கேபிளில் சிறிது தொய்வு இருக்கிறதா, கார்புரேட்டரின் இரண்டாவது பீப்பாயின் (வேகத்தில் மட்டும் திறக்கும் காற்று வழி) பட்டர்ஃபிளை முழுதாக மூடுகிறதா, சோக்கோடு சேர்ந்த வேக நெம்புகோல் பின்வாங்குகிறதா என்று பாருங்கள். கேபிளைக் கழற்றியதும் ஐடிலிங் இறங்கினால் கேபிள்தான் காரணம். ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

கிட் மாற்றினேன், லீக் இல்லை, பிளக் புதிது. இன்னும் நடுங்குகிறது. புது கார்புரேட்டர் வாங்கிவிடலாமா?

அதற்குமுன் இரண்டு சோதனைகள். கார்புரேட்டரின் அடித்தளத்தை ஒரு தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, மூலைகளில் விரலால் அழுத்துங்கள். ஆடினால் அளவுக்கு மீறி நட்டு இறுக்கியதில் தளம் வளைந்திருக்கிறது. எந்தப் பேக்கிங்கும் அதைக் காப்பாற்றாது. கண்ணாடி மேல் மெல்லிய உப்புத்தாளை ஒட்டி, வட்டமாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். எனக்கு ஒரு முழு மாலை ஆனது, நன்றாகவே உட்கார்ந்தது.

இரண்டாவது, எஞ்சினின் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, கேஜ் வைத்து அளந்து நான்கு எண்களையும் எழுதுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் டேப்பெட்டை இன்னொரு முறை பாருங்கள். அது சரியென்றால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோதான். அந்தப் பணத்தைக் கார்புரேட்டருக்குக் கொடுக்காமல் ஹெட் வேலைக்கு எடுத்து வையுங்கள்.